அமரவிளைக் காடைகளின் இன நிர்ணயம்

வேலாயுதன் தன் வாழ்நாளில் பலகையில் எழுதி வைத்த பொய் ஒன்றே ஒன்றுதான். அதற்கே ஓர் அலுவலகம் ஜீப்பில் ஏறி வந்தது.

பொய்யை யோசித்தவள் அவன் மனைவி சரோஜம். உதியன்குளங்கரையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டோரம் எந்தக் கடையைப் பார்த்தாலும் 'நாடன்' என்று, அதாவது நாட்டு வகை என்று, எழுதியிருக்கிறது. நாடன் கோழி, நாடன் முட்டை, நாடன் ஊண். ஓரிடத்தில் நாடன் நூடுல்ஸ்கூட உண்டு. "நாம மட்டும் உள்ளத உள்ளபடி எழுதிட்டு இருந்தா ஈகூட வராது, கேட்டியளா" என்றாள். அப்படித்தான் வீட்டு முன்னால் போட்ட தகரக் கொட்டகையில் 'வயலில் பிடித்த அசல் நாடன் காடை, சுடச்சுட' என்று சிவப்பு எழுத்தில் பலகை ஏறியது.

அந்தக் காடைகள் எந்த வயலையும் பார்த்தவை அல்ல. வீட்டுக்குப் பின்னால் கம்பிக்கூட்டில் பொரிந்து, கம்பிக்கூட்டில் வளர்ந்து, எண்ணெய்ச் சட்டிக்குப் போகும்போதுதான் முதன்முதலாக வெளியுலகைக் காண்பவை. அவற்றின் மூதாதையரை நாகர்கோவில் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வேலாயுதன் கொண்டுவந்திருந்தான். அதற்கு முன் அவனுக்குச் சாயாக்கடை. அமரவிளை சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலம் அது. வரிமுறை மாறி லாரிகள் நிற்காமல் ஓடத் தொடங்கியதும் சாயா குடிக்க ஆளில்லை. சாயாக்கடைக்காரன் காடைக்கு மாறினான்.

சாவடியின் பழைய கட்டிடங்களில் ஒன்று சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் கட்டிடத்தை அரசாங்கத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே எல்லைப்புறப் பறவை இன நிர்ணய அலுவலகம் வந்தது. ஒரு பறவை என்ன இனம், அந்த இனத்தைப் பற்றி நாடும் உலகமும் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலை. வாசலில் 'முதலில் இனம், பிறகு இரக்கம்' என்று எழுதியிருந்தது. திறந்த நாள் முதல் அங்கே காக்கைகள் மட்டுமே வந்தன. காக்கையின் இனத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால் அவற்றை விரட்டிவிட்டார்கள்.

ஆகவே பலகையைப் பார்த்த இன நிர்ணய அதிகாரி சபரிநாதனுக்கு வந்த ஆனந்தத்தைக் குறை சொல்ல முடியாது. நெய்யாற்றின்கரைக்காரர். சைவக் குடும்பம். மகாராஜா காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர்களின் பேரன். ஜீப்பிலிருந்து இறங்கிப் பலகைக்கு முன் கொஞ்ச நேரம் கும்பிடுவதுபோல நின்றார்.

"இது நீரு எழுதினதா ஓய்?"

"பெயின்டர் எழுதினது சாரே. பறஞ்சு குடுத்தது நான்."

"வயலில் பிடித்தது. அசல். நாடன்." ஒவ்வொரு சொல்லையும் விரலால் தட்டினார். "நாங்க கேக்காமலே மூணு வாக்குமூலம் குடுத்திருக்கீரு. நம்ம வயலில உள்ளது மழைக்காடை. அதைப் பிடிக்க இந்த நாட்டுச் சட்டத்தில அனுமதி கிடையாதுன்னு தெரியாதா?"

"அய்யோ சாரே, அது சும்மா யாவாரத்துக்கு எழுதினது. இது ஜப்பான் காடையாக்கும்."

"ஜப்பானா? அங்கேருந்து எந்த வழியா வந்தது?"

"களியக்காவிளை வழி."

"கப்பலிலயா?"

"பஸ்ஸில. மடியில வச்சிட்டு வந்தேன்."

சபரிநாதன் உடன் வந்திருந்த கிளார்க் சத்யபாமாவின் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. ஜப்பானிலிருந்து பஸ்ஸில் வந்ததாக எதிர்த்தரப்பு சொல்கிறது."

கூடுகள் அத்தனையும் ஜீப்பில் ஏறின. விசாரணை முடியும்வரை பறவைகள் அலுவலகக் காவலில் இருக்கும். மழைக்காடை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் திருப்புறம் ஊர்ப் பக்கத்து வயலில் திறந்துவிடுவார்கள், வேலாயுதன் மேல் வழக்கு வரும். ஜப்பான் காடை என்றால் திருப்பித் தருவார்கள்.

"திறந்து விட்டா கீரி தின்னு போடும் சாரே" என்று சரோஜம் ஜீப்பை மறித்தாள். "அதுகளுக்குப் பறக்கத் தெரியாது. எங்களுக்கு வேற பிழைப்பும் கிடையாது."

"பறக்கத் தெரியாதது அதோட சொந்த விஷயம். சுதந்திரம் குடுக்கிறது எங்க கடமை. கீரிக்கு வேற அலுவலகம் உண்டு."

"தீனி யாரு வைப்பா?"

"இனம் தெரியாம நாங்க தீனி வைக்க முடியாது. உம்ம வீட்டுக்காரருக்கு இனத்தைப் பற்றி ஒண்ணும் தெரியாததால அவர் வந்து வைக்கலாம்."

முதல் விசாரணையில் வேலாயுதனுக்கு முட்டி வலி வந்தது. பறவையின் விஞ்ஞானப் பெயர் வாசிக்கப்படும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அலுவலக மரபு. விஞ்ஞானப் பெயர் முடிந்ததும் உட்காரலாம், ஆனால் உடனே அடுத்தது வரும். சத்யபாமா இரண்டு இனங்களின் வகைப்பாட்டையும் மேலிருந்து கீழாக வாசித்தார். உலகம், விலங்குலகம்: இரண்டும் ஒன்று. தொகுதி, முதுகுநாணி உள்ளவை: ஒன்று. வகுப்பு, பறவை. வரிசை, கோழி வரிசை. குடும்பம், ஃபேசியானிடே. பேரினம், கோட்டர்னிக்ஸ். எல்லாம் ஒன்று. கடைசியில் வந்த சிற்றினத்தில் மட்டும் ஒன்று ஜப்போனிகா, மற்றது கோரமண்டெலிகா.

"ஏழில ஆறு பொருந்துது" என்றார் சபரிநாதன். "என் கல்யாணத்துக்குப் பத்துல அஞ்சுதான் பொருந்திச்சு, முடிச்சு வச்சிட்டாங்க. இங்க ஏழுல ஆறு. இது மழைக்காடை இல்லேன்னு எந்த வாயால சொல்லுதீரு?"

"ஏழாவது பொருந்தலியே சாரே."

"ஒரு பொருத்தம் இல்லேன்னா பரிகாரம் செய்யலாம்."

சத்யபாமா தயங்கித் தயங்கிச் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். மழைக்காடைச் சேவலுக்கு நெஞ்சில் மைக்கறுப்பாக ஒரு திட்டு உண்டு. கூட்டில் இருந்தவற்றுக்கு நெஞ்சு செங்கல் நிறம். சபரிநாதன் படத்தின் அருகே போய்ப் பார்த்தார். கூரை ஒழுகி அந்தப் படத்தில் பல இடங்களில் கறுப்பு ஏறியிருந்தது. கொக்குக்குக்கூட நெஞ்சு கறுப்பு. "படத்தை நம்ப முடியாது" என்று தீர்ப்பானது.

அடுத்தது குரல் சோதனை. மழைக்காடையின் குரலைச் சபரிநாதன் தன் போனில் வைத்திருந்தார். கூட்டில் உள்ளவை பதில் கொடுத்தால் சொந்த இனம். அவர் போனைக் கூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்தினார். 'விட்-விட்' என்று அது கூவியது. கூட்டில் இருந்தவை தீனிக்கிண்ணத்தைத் தவிர எதையும் கவனிக்கவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே, மரவள்ளிக்கு அப்பால் இருந்த வயல்துண்டிலிருந்து, 'விட்-விட்' என்று பதில் வந்தது.

அறையில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். வேலாயுதன் கை நீட்டி, "சாரே, அதாக்கும் மழைக்காடை!" என்றான்.

"அதுக்கு நோட்டீஸ் குடுத்தமா? கூப்பிடாத சாட்சி எதுக்கு இடையில பேசுது?" சபரிநாதன் காகிதம் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார். வயலில் இறகு படபடத்தது. பிறகு சத்தமில்லை. "ம். விசாரணை தொடரட்டும்."

இந்தக் கட்டத்தில் வேலாயுதனுக்கு எதிர்பாராத வெற்றி கிடைத்தது. பண்ணைக்காரரே நேரில் வந்து, இவை தன் பண்ணையின் ஜப்பான் காடைகள்தான், இவற்றின் பாட்டனும் பூட்டனும் தன்னிடம்தான் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சபரிநாதன் முகம் தொங்கிப்போனது. பேனாவை மூடினார். கூடுகளை எடுத்துப் போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தவரை சத்யபாமாவின் இருமல் நிறுத்தியது. இனம் தெரிந்ததும் அழிந்துவரும் உயிர்களின் உலகப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார்.

மழைக்காடை: கவலை குறைந்த இனம். ஜப்பான் காடை: அச்சுறுத்தலை நெருங்கிய இனம்.

சபரிநாதன் மெல்ல எழுந்து நின்றார். விஞ்ஞானப் பெயர் இல்லாமலே மற்றவர்களும் எழுந்தார்கள்.

"வேலாயுதா" என்றார், குரல் தழுதழுக்க. "உலகமே கண்ணீர் விடுத இனத்தையா நீரு மொளகு போட்டு வறுத்தீரு?"

"சாரே, இது பண்ணையில கோடிக்கணக்கில உண்டு."

"அது கூட்டில உள்ளது. காட்டில உள்ளது குறையுது. பட்டியல் காட்டில உள்ளதுக்காக்கும்."

"இது கூட்டில உள்ளதல்லியா?"

"இருக்கது கூட்டில. இனம் காட்டு இனம். உமக்கு வகைப்பாடு புரியாது."

"செரி, மழைக்காடைய நெனச்சு உலகம் கவலப்படலன்னுதானே இருக்கு? பின்ன எதுக்கு அதுக்காக என்னப் பிடிச்சிய?"

"உலகம் கவலைப்படலேன்னா நாமளும் கவலைப்படக் கூடாதுன்னு உண்டா? கவலைப்படத்தான் எங்களுக்குச் சம்பளம்."

இனி ஜப்பான் காடை என்று முடிவானாலும் பறவைகள் வேலாயுதனுக்கு இல்லை. வடக்கே எங்கோ ஒரு பாதுகாப்பு மையத்துக்கு அனுப்புவார்கள். மழைக்காடை என்றால் கீரிக்கு. ஜப்பான் காடை என்றால் வடக்கே. அன்று வீட்டுக்கு வந்து சரோஜத்திடம் சொன்னபோது அவள் காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "கீரியாவது இந்த ஊருக்காரன்" என்றாள்.

ஆனாலும் சபரிநாதனுக்கு நிம்மதி இல்லை. பண்ணைக்காரர் சொன்னதை நம்பினால் உலகப் பிரச்சினை, பலகையை நம்பினால் உள்நாட்டுப் பிரச்சினை. எது பெரிது என்று தெரியாததால் வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்தார். நிபுணர் தாணுமாலயன், அவருடைய மாமனார். வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பறவைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார்.

"இறகு பொய் சொல்லும் மக்கா, கொரலும் பொய் சொல்லும். எலும்பு சொல்லாது. ஒண்ணை வறுத்துக் கொண்டா, ஒரு கடியில சொல்லிருவேன்."

"மாமா" என்றார் சபரிநாதன். "நாம சைவம் இல்லியா?"

"வீட்டில சைவம். வயலில யாரு பாத்தா?" தாணுமாலயன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நாங்க பயலுவளா இருந்த காலத்தில பாறசாலை வயலில மழை விழுந்தா போதும், கண்ணி வச்சிருவோம். நான் தின்ன மழைக்காடையை வரிசையா நிப்பாட்டினா இங்கேருந்து நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கும். பெறவு வருசா வருசம் குறைஞ்சு குறைஞ்சு, இப்ப ஒண்ணையும் காணல. ஏன் குறைஞ்சுதுன்னு ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியல, பாத்துக்க. பெரிய மர்மமாக்கும்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"உன் அத்தைக்குத் தெரிஞ்சா நான் உயிரோட நிபுணரா இருப்பேனா?"

சபரிநாதன் கண்ணை மூடி யோசித்தார். அரசுப் பணிக்காக வாயில் போடப்படுவது உணவு அல்ல, ஆய்வு என்று ஓர் உத்தரவைச் சொல்லி எழுதவைத்தார். அதன் பிறகு வேலாயுதன் விசாரணைதோறும் காவலில் உள்ள ஒரு காடையை வீட்டுக்கு எடுத்துப்போய், சரோஜம் வறுத்துக் கொடுத்ததைத் தூக்குவாளியில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

முதல் காடையில் தாணுமாலயனால் முடிவுக்கு வர முடியவில்லை. எலும்பு மெல்லிசாக இருந்தது, ஆனால் மசாலா மறைத்தது. இரண்டாவதை மசாலா இல்லாமல் கேட்டார். அதில் ருசி இல்லாததால் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராமல் எதோடு ஒப்பிடுவது? மூன்றாவதில் மிளகு கூடுதல். நான்காவதோடு மரவள்ளிக்கிழங்கு வேண்டும் என்றார், அந்தக் காலத்தில் அப்படித்தான் தின்றார்களாம். பிறகு இடக்காலையும் வலக்காலையும் தனித்தனியாக ஆய்வு செய்தார்.

"இனத்தைக் காப்பாத்தணும்னா அதை உள்ளுக்குள்ள உணரணும்" என்று எலும்பை உறிஞ்சியபடி சொன்னார். சபரிநாதன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்கை மட்டும் திருப்ப மறந்து, "என்ன தெரியுது மாமா? என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூடுகள் காலியாகிக்கொண்டு வந்தன. காலையில் தீனி வைக்கும்போது வேலாயுதன் மிச்சத்தை எண்ணிப் பார்த்தான். சேவல்கள் பெரும்பாலும் ஆய்வுக்குள் போய்விட்டன. மிச்சம் முட்டையிடும் பெட்டைகளும் அவற்றோடு சில சேவல்களும். இவையும் போனால் பொரிக்க முட்டை இல்லை, குஞ்சு இல்லை, கொட்டகை இல்லை. அவன் சபரிநாதனின் மேசைமுன் நின்று கும்பிட்டான்.

"சாரே, கீரிக்குக் குடுக்கணும்னா குடுங்க, வடக்க அனுப்பணும்னா அனுப்புங்க. இல்லேன்னா எனக்குத் தாங்க. ஏதாச்சும் ஒண்ணு பறஞ்சு தீருங்க. இப்பிடித் தின்னே தீக்காதிய."

"தின்னுதோமா? யாரு தின்னுதா?" சபரிநாதனுக்கு உண்மையாகவே வலித்தது. "சரி. சனிக்கிழமை இறுதி விசாரணை."

சனிக்கிழமை அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். மிச்சக் காடைகளின் கூடுகள் சுவரோரம் இருந்தன. சபரிநாதன் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். அந்த நாற்காலியிலிருந்து சொல்லப்படும் இனப்பெயரே இறுதியானது, சத்யபாமா அதைச் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வார். தாணுமாலயன் முன்னால் இரண்டு முழுக் காடைகள் வாழையிலையில். கடைசி நாள் என்பதால் சரோஜம் தேங்காய்க்கொத்தும் போட்டு வறுத்திருந்தாள். எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் சட்டியில் போட இனி ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

தாணுமாலயன் ஒன்றை முழுசாக முடித்தார். இரண்டாவதன் காலைப் பிய்த்து வாயில் வைத்து, கண்ணை மூடி, நீண்ட நேரம் சவைத்தார்.

"கிட்டிட்டு" என்றார். "ஞாபகம் வந்துட்டு. சொல்லட்டா மாப்பிளே?"

சபரிநாதன் நிமிர்ந்தார். சத்யபாமா பேனாவைத் திறந்தார். வேலாயுதன் கூடுகளின் பக்கம் போய் நின்றான்.

கதவு திறந்தது. கையில் பாயசத் தூக்கோடு உள்ளே வந்தவர் தாணுமாலயனின் மனைவி மரகதவல்லி. நெற்றி நிறையத் திருநீறு. கோயிலிலிருந்து நேரே வருகிறார்.

"மாப்பிளே, கோயில் நடையில வழிபாடு உண்டாயிருந்தது, பாயசம் சூடு ஆறுமுன்ன உங்களுக்குத் தரலாம்னு…" என்றவர் நின்றார். கணவனைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். வாயில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"ரத்தப் பரிசோதனைக்குப் போணும்னு வெறும் வயத்தோட வீட்டில இருந்து இறங்கின ஆளு நீங்க. வாயில என்ன அது?"

தாணுமாலயன் வாயை மூடப் பார்த்தார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"மாப்பிளே, நீங்க சொல்லுங்க. பெரிய ஆபீசரில்லியா? இவரு வாயில இருக்கது என்ன?"

சபரிநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் இரண்டு குடும்பங்களின் மானமும் ஒரே நேரத்தில் வந்து போயிற்று.

"காலிஃப்ளவர், அத்தை."

"காலிஃப்ளவரா?"

"வறுத்தது."

"கால் மாதிரி நீட்டிட்டு இருக்கே?"

"அது தண்டு" என்றார் தாணுமாலயன், எப்படியோ விழுங்கிவிட்டு. "இளந்தண்டு. நிபுணர்னு கூப்பிட்டாவ, வந்து பாத்திட்டு இருக்கேன்."

மரகதவல்லி இலையருகே குனிந்து மோந்து பார்த்தார். "மசாலா நல்லாயிருக்கு. இது எப்பிடிச் செய்யதுன்னு கேட்டுட்டு வாங்க. வெள்ளிக்கிழமை செய்யலாம்." தூக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை தாணுமாலயன் இலையில் மிச்சம் இருந்ததைத் தொடவில்லை. பிறகு சபரிநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, "சரி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மாமா, சொல்லுங்க" என்றார்.

"சார், முடிஞ்சுபோச்சு" என்றார் சத்யபாமா.

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"தலைவர் நாற்காலியில இருந்து ஆய்வு மாதிரியோட இனம் சொல்லியாச்சு. எழுதியாச்சு. காலிஃப்ளவர். மாதிரி எந்தக் கூட்டில இருந்து எடுத்ததோ, அதில மிச்சம் உள்ளதும் அதுதான்."

"அடிச்சிருங்க அதை!"

"அடிக்கணும்னா மறுவிசாரணை வைக்கணும் சார். அந்த நேரத்தில அறையில இருந்த எல்லாரையும் சாட்சியா கூப்பிடணும்." அவர் பேனாவை மூடினார். "உங்க அத்தையையும்."

தாணுமாலயன், "மாப்பிளே, கையெழுத்துப் போட்டிரு" என்றார். அவர் நிபுணராகச் சொன்ன முதல் தெளிவான கருத்து அது.

உலகப் பட்டியலில் காலிஃப்ளவரின் பாதுகாப்பு நிலையைத் தேடினார்கள், அப்படி ஒரு பறவை அதில் இல்லை. ஆகவே அதைப் பற்றிக் கவலைப்பட இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை, உடனே உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று முடிவெழுதி, மூவரும் எழுந்து நின்றார்கள். வேலாயுதனும் நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று இந்த முறையும் அவனுக்குப் புரியவில்லை.

கூடுகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். சரோஜம் முற்றத்துக்கு ஓடிவந்து கம்பிக்குள் எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"தந்துட்டானுவளா? கடைசியில ஏது காடைன்னு பறஞ்சானுவ?"

"காடையே இல்லியாம். காலிஃப்ளவராம்."

சரோஜம் அவனையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பெட்டைகள் வழியிலேயே முட்டையிட்டிருந்தன.

"எதுவானா என்ன, வெயில்ல வந்திருக்கு" என்றாள். "வெள்ளம் வையுங்க, தாகிக்கும்."